பல்லுக்கு க்ளிப்பா? இந்தப் பக்கம் அப்பா, அம்மாவுக்கு!



வழக்கமா இந்தப் பக்கத்துல உங்ககூடத்தான் அரட்டை. இந்த வாரம் ஒரு சின்ன சேஞ்ச். புத்தகத்தை அப்படியே மடிச்சு, அப்பா, அம்மா கையில கொடுத்துடுங்க. மேட்டர் அப்படி... பல்லுக்கு க்ளிப் போடுற சமாசாரம்!

வாயில கம்பியை மாட்டிக்கிட்டு ரெண்டு வருஷம் சுத்தப்போறது உங்க தம்பி, தங்கச்சி. இல்லேன்னா நீங்களே. ஆனா எப்போ போடுறது, யார்கிட்ட போடுறது, எவ்வளவு செலவு பண்றதுங்கிற முடிவெல்லாம் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பெரியவங்க ரெண்டு பேரும் பேசி எடுக்கிறது. அந்தப் பேச்சுல அவங்களுக்குக் கைகொடுக்கத்தான் இந்த வாரப் பக்கம். கொடுத்தாச்சா? தேங்க்ஸ். தோளுக்குப் பின்னாடி நின்னு எட்டிப் பார்த்துக்கங்க, தப்பில்லை. கடைசியில உங்களுக்கும் கொஞ்சம் பாக்கி இருக்கு.

வணக்கம் அப்பா... வணக்கம் அம்மா!

நம்ம வீடுகள்ல பல் க்ளிப் பேச்சு பெரும்பாலும் ரெண்டு சந்தர்ப்பத்துலதான் வருது. ஒண்ணு, ஸ்கூல்ல எவனோ ‘பல்லா’ன்னு பட்டப் பேர் வெச்சு, பையன் போட்டோ எடுக்கவே வர மாட்டேன்னு அடம்பிடிக்கிறப்போ. இன்னொண்ணு, பொண்ணோட ஜாதகத்தைக் கையில எடுத்த பிறகு. ‘தை மாசம் கல்யாணம் டாக்டர், அதுக்குள்ள பல்லை உள்ளே தள்ளிடுங்க!’

பாவம், பல்லுக்கு முகூர்த்தம் பார்க்கத் தெரியாது. அது நகர்ற வேகத்துலதான் நகரும்.

எலும்புக்குள்ள நடக்கிற கட்டட வேலை

க்ளிப் போட்டா பல்லை இழுத்துக் கட்டி நேராக்கிடுறாங்கன்னுதான் நிறைய பேர் நினைக்கிறோம். வேலிக்கம்பத்தை நிமிர்த்துற மாதிரி. நிஜத்துல நடக்கிறது வேற. பல் எலும்புல நேரடியா ஒட்டிக்கிட்டு இல்லை. பல்வேருக்கும் எலும்புக்கும் நடுவுல மெல்லிசான நார் மெத்தை ஒண்ணு இருக்கு. க்ளிப் மூலமா லேசான அழுத்தத்தை விடாம கொடுத்தா, பல் எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கத்து எலும்பை நம்ம உடம்பே கொஞ்சம் கொஞ்சமா கரைக்குது. பல் விட்டுட்டு வந்த பக்கத்துல புது எலும்பைக் கட்டுது. இடிக்கிறது ஒரு டீம், கட்டுறது ஒரு டீம்.

இந்த வேலை சுமாரா மாசத்துக்கு 1 மில்லிமீட்டர்தான் போகும். சீக்கிரம் முடியட்டும்னு ஓவரா இறுக்கினா, வலியும் வேருக்குச் சேதமும்தான் மிச்சம். அதனாலதான் சாதாரணமா ஒன்றரை வருஷத்துல இருந்து ரெண்டு வருஷம் ஆகுது. சிக்கலான கேஸ்னா 3 வருஷம்கூட ஆகலாம். 4 முதல் 6 வாரத்துக்கு ஒரு தடவை டாக்டர்கிட்ட போய் செக் பண்ணிட்டு வரணும்.

இதை முதல்லயே சொல்றதுக்குக் காரணம் இருக்கு. க்ளிப் போடுறது ஒரு நாள் வேலை இல்லை. ரெண்டு வருஷம் வீடே சேர்ந்து பண்ற வேலை. பாதியில விட்டா, ஆரம்பிக்காமலே இருந்திருக்கலாம்னு தோணிடும்.

7 வயசுல ஒரு விசிட்

‘எல்லாப் பல்லும் விழுந்து முளைக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்’ங்கிறது நம்ம வீட்டு வழக்கம். ஆனா அமெரிக்க பல் சீரமைப்பு நிபுணர்கள் சங்கம் சொல்ற கணக்கு, முதல் பரிசோதனை 7 வயசுக்குள்ள. உடனே பயந்துடாதீங்க. 7 வயசுல எல்லாருக்கும் க்ளிப் மாட்டணும்னு அர்த்தம் இல்லை. அந்த வயசுல முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல்லும், முன்பல் சிலதும் முளைச்சிருக்கும். மேல்தாடையும் கீழ்தாடையும் எப்படிப் பொருந்துது, உள்ளே வரவேண்டிய பல்லுக்கு இடம் இருக்கான்னு பார்த்துடலாம். பெரும்பாலான பிள்ளைங்களுக்கு, ‘ஒண்ணும் வேணாம், அடுத்த வருஷம் வாங்க’ன்னு அனுப்பிடுவாங்க.

அந்த வயசுல அம்மாக்களைப் பதறவைக்கிற விஷயம் ஒண்ணு உண்டு. மேல் முன்பல் ரெண்டுக்கும் நடுவுல சந்து விட்டு, ஆளுக்கொரு பக்கமா விரிஞ்சுக்கிட்டு நிக்கும். இதுக்கு ‘அசிங்க வாத்துக்குஞ்சுப் பருவம்’னே செல்லப் பேர். உள்ளே இருக்கிற கோரைப்பல் கீழே இறங்கி வர்றப்போ, முன்பல்லோட வேரை இடிச்சுக்கிட்டு வரும். அதனாலதான் இந்த விரிசல். 11, 12 வயசுல கோரைப்பல் முளைச்சதும் நிறைய பிள்ளைங்களுக்கு சந்து தானா மூடிடும். இதுக்கு அவசரப்பட்டு எதுவும் பண்ண வேணாம்.

அவசரமா பார்க்க வேண்டியது எதைன்னா... வாயை மூடும்போது கீழ்ப்பல் மேல்பல்லுக்கு முன்னாடி வர்றது. கடைவாய்ப்பல் குறுக்கா கடிக்கிறது. தாடை ஒரு பக்கமா ஒதுங்கி மூடுறது. வாயை மூடினாலும் முன்பல் ரெண்டு வரிசையும் சேராம இடைவெளி நிக்கிறது. அப்புறம், எப்பவும் வாயைத் திறந்தே மூச்சு விடுறது. இந்தக் கடைசி கேஸ்ல மூக்கு, தொண்டை டாக்டரையும் பார்க்க வேண்டி வரலாம். மூக்கு அடைப்பைச் சரி பண்ணாம பல்லை மட்டும் சரி பண்றது ஓட்டைக் குடத்துல தண்ணி பிடிக்கிற கதை.

விரல் சூப்புறதும் இந்த லிஸ்ட்ல உண்டு. நிரந்தர முன்பல் முளைக்கிற 6 வயசுக்குள்ள அந்தப் பழக்கம் விட்டுப்போனா நல்லது. வேப்பெண்ணெய் தடவுறது, சூடு வெச்சுடுவேன்னு மிரட்டுறது எல்லாம் வேணாம். அது பயத்தைத்தான் வளர்க்கும்.

பால் பல்தானேன்னு விட்டா...

‘எப்படியும் விழப்போற பல்லு, அதுக்கு எதுக்குக் காசு?’ இது நாம அடிக்கடி கேக்குற டயலாக். பால் பல் மொத்தம் 20. அதுல ஒவ்வொண்ணும் பின்னாடி வரப்போற பல்லுக்குத் துண்டு போட்டு சீட் பிடிச்சு வெச்சிருக்கு. சொத்தை விழுந்து, முன்கூட்டியே பிடுங்கிட்டோம்னா, பக்கத்துப் பல் நைசா அந்த இடத்துல சாய்ஞ்சு உட்கார்ந்துடும். உரிய பல் வர்றப்போ சீட் இருக்காது. வேற வழியில்லாம மேல ஏறியோ, உள்பக்கமாவோ முளைக்கும். அதைச் சரி பண்ணத்தான் அப்புறம் க்ளிப்.

சொத்தையை அடைச்சிருந்தா அந்தச் செலவு பெரும்பாலும் சின்னது. பிடுங்கியே ஆகணும்னா, ‘அந்த இடத்தைப் பிடிச்சு வைக்க ஏதாவது போடணுமா?’ன்னு டாக்டர்கிட்ட கேளுங்க. ஸ்பேஸ் மெயின்டெய்னர்னு ஒரு சின்ன வளையம் இருக்கு. அது சீட்டைக் காப்பாத்தும்.

வளர்ற வயசும், பரீட்சை வயசும்

பல் மட்டும் கோணலா இருக்கிறது ஒரு வகை. தாடை எலும்பே சின்னதா, பின்தங்கி இருக்கிறது இன்னொரு வகை. ரெண்டாவது வகைக்கு, பிள்ளை கிடுகிடுன்னு உயரமாகிற காலம் ரொம்ப முக்கியம். பொண்ணுங்களுக்கு இது கொஞ்சம் முன்னாடியே வந்துடும். பசங்களுக்கு ஒண்ணு ரெண்டு வருஷம் தள்ளி. அந்த நேரத்துல கழட்டி மாட்டுற சாதனங்களை வெச்சே தாடை வளர்ச்சிக்கு உதவ முடியும். வளர்ச்சி முடிஞ்ச பிறகு வந்தா, தாடைக் கோளாறு பெருசா இருக்கிறவங்களுக்கு ஆபரேஷன் ஒண்ணுதான் வழின்னு ஆகலாம். வெறும் பல் கோணல்னா கவலை இல்லை. ஈறும் எலும்பும் ஆரோக்கியமா இருந்தா, எந்த வயசுலயும் பல்லை நகர்த்தலாம்.

இன்னொரு காலண்டரையும் பாருங்க. அது ஸ்கூல் காலண்டர்! பிளஸ் டூ ஆரம்பத்துல க்ளிப்பை மாட்டினா என்ன ஆகும்? முதல் வருஷம் டியூஷனுக்கு நடுவுல டாக்டர் விசிட். அடுத்த வருஷம் பிள்ளை கோயம்புத்தூர் ஹாஸ்டல்லயோ, வெளி மாநிலத்துலயோ. மாசா மாசம் வர வேண்டியது தீபாவளிக்கும் பொங்கலுக்கும்னு ஆகிடும். கம்பி வாயில இருக்கும், வேலை நடக்காது. வாய்ப்பு இருந்தா, நிரந்தரப் பற்கள் வந்தவுடனே எட்டாவது, ஒன்பதாவது சமயத்துல ஆரம்பிக்கிறது வசதி. பிளஸ் டூ முடியுறதுக்குள்ள க்ளிப் வேலை பெரும்பாலும் முடிஞ்சிருக்கும். க்ளிப்பை இறுக்கின பிறகு ரெண்டு மூணு நாள் பல் கூசும். அதனால பொதுத்தேர்வுக்கு முந்தின நாள் அப்பாயின்ட்மென்ட் வாங்காதீங்க, ப்ளீஸ்!

லேட் ஆகிடுச்சு, ஹாஸ்டலுக்குப் போயே ஆகணும்னா, எக்ஸ்ரே, போட்டோ, பல் அச்சு, சிகிச்சைக் குறிப்பு எல்லாத்தையும் கேட்டு வாங்கி, அந்த ஊர்ல ஒரு நிபுணர்கிட்ட கேஸை முறைப்படி மாத்திக்கங்க.

யார்கிட்ட போறது?

இதுக்குன்னே ஒரு தனிப் பள்ளியை அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ் நகரத்துல எட்வர்ட் ஆங்கிள்னு ஒரு பல் டாக்டர் 1900லயே தொடங்கிட்டார். அந்த அளவுக்கு இது தனிப் படிப்பு. நம்ம நாட்டுல பி.டி.எஸ். முடிச்சு, அதுக்கு மேல 3 வருஷம் எம்.டி.எஸ்-ல ஆர்த்தோடான்டிக்ஸ் படிச்சவங்கதான் பல் சீரமைப்பு நிபுணர். போர்டுல எம்.டி.எஸ்.னு இருந்தா மட்டும் போதாது. எம்.டி.எஸ்-லயே ஈறு, வேர், குழந்தைப் பல்னு பல பிரிவு இருக்கு. எந்தப் பிரிவுன்னு கேட்டுடுங்க. கேக்குறதுல கூச்சமே வேணாம். வீடு கட்டுறப்போ மேஸ்திரி யாருன்னு விசாரிக்கிறோம் இல்லையா?

நிறைய க்ளினிக்குல நிபுணர் வாரத்துக்கு ஒரு நாளோ, மாசத்துக்கு ரெண்டு நாளோ வந்து போறவரா இருப்பார். அது தப்பில்லை. ஆனா, ‘கடைசி வரைக்கும் இவரே பார்ப்பாரா? நடுவுல கம்பி குத்தினா யாரைக் கூப்பிடறது?’ன்னு தெரிஞ்சு வெச்சுக்கங்க.

பட்ஜெட் இடிக்குதுன்னா, அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு. சென்னையில அரசு பொது மருத்துவமனைக்குப் பக்கத்துல, 1953ல தொடங்கின தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி. அங்கே எம்.டி.எஸ். மாணவர்கள், பேராசிரியர்கள் மேற்பார்வையில சிகிச்சை பண்றாங்க. சிதம்பரம் அண்ணாமலை நகர்லயும் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள்லயும் வெளி க்ளினிக்கைவிடச் செலவு பொதுவா குறைவு. கொடுக்க வேண்டிய விலை, நேரம். வெயிட்டிங் இருக்கும். ஒவ்வொரு விசிட்டும் அரை நாளை விழுங்கும்.

உட்கார்ந்து கேட்க வேண்டிய கேள்விகள்

எக்ஸ்ரே, அச்சு, போட்டோ எல்லாம் எடுத்து முடிச்ச பிறகு டாக்டர் ஒரு பிளான் சொல்வார். அன்னிக்கு இதையெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துட்டுப் போங்க.

* என் பிள்ளைக்கு இருக்கிறது பல் பிரச்னையா, தாடைப் பிரச்னையா?
* இப்பவே ஆரம்பிக்கணுமா? ஒரு வருஷம் காத்திருந்தா என்ன ஆகும்?
* க்ளிப்பே போடாம விட்டா என்ன ஆகும்?
* பல் எடுக்கணுமா? எத்தனை, எதனால?
* சொல்ற தொகையில எக்ஸ்ரே, உடைஞ்ச பிராக்கெட்டை ஒட்டுறது, கடைசியில ரிட்டெய்னர் எல்லாம் அடக்கமா?
* தவணையில கட்டலாமா? பாதியில ஊர் மாறினா கணக்கு எப்படி?
* பல்வேர் தேய்றது மாதிரி ஆபத்து இருக்கா? அதை எப்படிக் கவனிப்பீங்க?

நிக்கல் அலர்ஜி இருக்கிற பிள்ளைன்னா, கவரிங் கம்மல் போட்டா காது புண்ணாகிற பொண்ணுன்னா, அதை நீங்களே முந்திக்கிட்டுச் சொல்லிடுங்க. க்ளிப் கம்பியில நிக்கல் உண்டு. பதில் திருப்தியா இல்லேன்னா, ரெண்டாவதா ஒரு நிபுணரைப் பார்க்கலாம். நல்ல டாக்டர் இதுக்குக் கோவிச்சுக்க மாட்டார்.

பெரும்பாலான மருத்துவக் காப்பீட்டுல க்ளிப் செலவு வராது. பாலிசியைப் படிச்சுட்டே பட்ஜெட் போடுங்க.

நல்ல பல்லைப் பிடுங்குறாங்களே!

பாட்டிகள் கொதிக்கிற இடம் இது. ‘சொத்தையே இல்லாத பல்லைப் பிடுங்கச் சொல்றானே, கண்ணு போயிடுமே!’ மேல்பல்லை எடுத்தா கண் பார்வை போகும்ங்கிறது நம்ம ஊர்ல ரொம்ப வருஷமா ஓடிக்கிட்டிருக்கிற வதந்தி. பல்லுக்குப் போற நரம்பு வேற, பார்வைக்கான நரம்பு வேற. பாட்டிகிட்ட பொறுமையா சொல்லுங்க.

எடுக்கிறது எதுக்கு? 10 பேர் உட்கார்ற பெஞ்ச்ல 12 பேர் இடிச்சுக்கிட்டு உட்கார்ந்தா என்ன பண்ணுவோம்? ரெண்டு பேரை எழுப்புவோம். அதே கதைதான். கோரைப்பல்லுக்குப் பின்னாடி இருக்கிற சிறு கடைவாய்ப்பல்லைத்தான் வழக்கமா எடுப்பாங்க. அதோட அகலம் சுமார் 7 மில்லிமீட்டர். மாசம் 1 மில்லிமீட்டர் கணக்குல அந்த இடத்தை மூட எத்தனை மாசம் ஆகும்னு நீங்களே போட்டுப் பாருங்க. ஆனா எல்லாருக்கும் பல் எடுக்கத் தேவை இல்லை. சிலருக்குத் தாடையைக் கொஞ்சம் அகலப்படுத்தியே இடம் உண்டாக்க முடியும். ஏன் எடுக்கிறார், ஏன் எடுக்கலைன்னு அச்சைக் கையில வெச்சுக்கிட்டு உங்களுக்குப் புரியுற மாதிரி சொல்றவர்தான் உங்க டாக்டர்.

எந்த க்ளிப்?

உலோக க்ளிப் பழைய ஆள், நம்பகமான ஆள், விலையும் குறைவு. இப்போ இருக்கிற கம்பி லேசுப்பட்டது இல்லை. நிக்கலும் டைட்டானியமும் கலந்த ‘நிட்டினால்’னு ஒரு உலோகம். அமெரிக்கக் கடற்படையோட ஆயுத ஆராய்ச்சிக் கூடத்துல பிறந்தது. 1970கள்ல பல்லுக்கு வந்து சேர்ந்துச்சு. எப்படி வளைச்சாலும் தன்னோட பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும். அந்தக் குணம்தான் பல்லை மெதுவா இழுக்குது.

பல் நிறத்துலயே வர்ற செராமிக் க்ளிப் கண்ணுக்குப் பளிச்சுனு தெரியாது. விலை கூட. முரட்டுத்தனமா நடந்தா உடையும்.

மூணாவது, கண்ணாடி மாதிரி இருக்கிற அலைனர். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துல எம்.பி.ஏ. படிச்ச ஜியா சிஷ்டி, தனக்கு க்ளிப் கழட்டின பிறகு போட்ட ரிட்டெய்னரைப் பார்த்துப் பிடிச்ச ஐடியா. அவரும் கூடப் படிச்ச கெல்சி விர்த்தும் சேர்ந்து 1997ல கம்பெனி ஆரம்பிச்சாங்க. அதுதான் ‘இன்விசலைன்’. கேம்பஸ்ல இருந்து ஒரு ஹிட்! கழட்டி மாட்டலாம், சாப்பிடத் தடை இல்லை. விலை லட்சத்தைத் தாண்டலாம். ஒரு நாளைக்கு 20 முதல் 22 மணி நேரம் வாயில இருந்தே ஆகணும். டிபன் பாக்ஸையே தொலைச்சுட்டு வர்ற பிள்ளைக்கு இது சரிப்படுமான்னு நீங்கதான் சொல்லணும்!

டாக்டரைப் பார்க்காமலே தபால்ல அலைனர் அனுப்புற திட்டங்கள் பக்கம் மட்டும் போகாதீங்க. அமெரிக்காவுல ‘ஸ்மைல் டைரக்ட் க்ளப்’னு பெரிய கம்பெனி இப்படித்தான் வித்துக்கிட்டு இருந்துச்சு. 2023 டிசம்பர்ல திடீர்னு கடையை மூடிட்டாங்க. பாதி சிகிச்சையில இருந்தவங்க அப்படியே அந்தரத்துல நின்னாங்க. பல்லை நகர்த்துறப்போ, வாயைத் திறந்து பார்க்க ஒரு ஆள் பக்கத்துல இருக்கணும்.

முதல் வாரமும், முறுக்கும்

போட்ட அன்னிக்குப் பெருசா வலி இருக்காது. சாயங்காலம் ஆரம்பிச்சு மூணு நாலு நாள் பல் கூசும், கடிக்க முடியாது. தயிர் சாதம், இட்லி, ரசம் சாதம், குழைஞ்ச பொங்கல்னு ஓட்டுங்க. உதடு உள்பக்கம் உரசிப் புண்ணாச்சுன்னா, டாக்டர் கொடுக்கிற மெழுகை பிராக்கெட் மேல ஒட்டினா போதும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணியில கொப்பளிக்கச் சொல்லுங்க. வலி தாங்கலைன்னா என்ன மாத்திரைன்னு டாக்டர்கிட்டயே கேட்டுக்கங்க.

அதுக்கப்புறம் ரெண்டு வருஷத்துக்கு முறுக்கு, தட்டை, சீடை, கடலை மிட்டாய், ஐஸ் கட்டி, எலும்பு கடிக்கிறது, சூயிங் கம் எல்லாத்துக்கும் டாட்டா. பொங்கலுக்குக் கரும்பை ஜூஸா குடிச்சுக்கட்டும். குடிச்சதும் வாயை நல்லா கொப்பளிக்கணும். கொய்யா, ஆப்பிள் எல்லாம் சின்னத் துண்டா நறுக்கிக் கொடுங்க. ஒவ்வொரு தடவை பிராக்கெட் பிய்யும்போதும் சிகிச்சை கொஞ்சம் தள்ளிப் போகுது. கபடி, பாக்ஸிங், ஹாக்கி ஆடுற பிள்ளைன்னா, க்ளிப்புக்கு மேல போடுற மவுத்கார்டு பத்திக் கேளுங்க.

பிரஷ்ஷிங்தான் பெரிய வேலை. சாப்பிட்டதும் தேய்க்கணும். கம்பிக்கு அடியில போக குட்டியா ஒரு தனி பிரஷ் விக்கிது. ஃப்ளூரைடு பேஸ்ட் அவசியம். இதுல ஏமாத்தினா, க்ளிப்பைக் கழட்டுற அன்னிக்குப் பல் நேரா இருக்கும், ஆனா பிராக்கெட் இருந்த இடத்தைச் சுத்தி வெள்ளைத் திட்டு நிக்கும். அது லேசுல போகாது.

பிள்ளைகிட்ட கேட்டீங்களா?

முக்கியமான விஷயத்துக்கு இப்பதான் வர்றோம். ரப்பர் பேண்டை மாட்டுறது யாரு? பிள்ளை. முறுக்கை வேணாம்னு தள்ளுறது யாரு? பிள்ளை. ராத்திரி 11 மணிக்குத் தூக்கக் கலக்கத்துல கம்பிக்கு அடியில தேய்க்கிறது யாரு? அதுவும் பிள்ளைதான். டாக்டர் மாசத்துக்கு 20 நிமிஷம் பார்க்கிறார். மிச்ச நேரமெல்லாம் அந்தப் பல் பிள்ளையோட பொறுப்பு. அதுக்கு விருப்பம் இல்லாம மாட்டினா, அந்தக் கம்பி வேலை செய்யாது.

அதனால, அட்வான்ஸ் கட்டுறதுக்கு முன்னாடி தனியா உட்கார்ந்து கேளுங்க. ‘உனக்கு உன் பல்லு பிடிக்கலையா? இல்ல, எங்களுக்குத்தான் பிடிக்கலையா?’ சில பிள்ளைங்களுக்குத் தெத்துப்பல் அவ்வளவு அழகா இருக்கும். அதுக்கு அதுல வருத்தமும் இருக்காது. கடிக்கிறது, மெல்றது, தேய்க்கிறது எதுலயும் பிரச்னை இல்லைன்னு டாக்டரும் சொன்னா, விட்டுடலாம். கோணலான எல்லாப் பல்லும் நோய் இல்லை. கல்யாணச் சந்தைக்காக ஒரு பொண்ணு வாயில கம்பி மாட்ட வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

மாறா, முன்பல் ரொம்ப துருத்திக்கிட்டு இருக்கிற பிள்ளைக்கு, விழுந்தா அந்தப் பல் உடையுற ஆபத்து அதிகம். வெளியே சொல்லாத கேலியும் மனசுல இருக்கலாம். வாயைக் கையால மூடிக்கிட்டுச் சிரிக்குதான்னு கவனிங்க. அது சொல்லாத பதிலை அந்தக் கை சொல்லிடும். அப்போ ‘பல்லுல என்ன இருக்கு, படிப்பைப் பாரு’ன்னு தள்ளிடாதீங்க.

க்ளிப் போட்ட பிறகு, ‘இவ்வளவு செலவு பண்ணியிருக்கோம்’ங்கிற வசனத்தைத் தினமும் ஓட்டாதீங்க. அதுக்குப் பதிலா மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஒரு போட்டோ எடுத்துப் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டுங்க. கண்ணாடியில தெரியாத மாற்றம் அதுல தெரியும். அதுக்கப்புறம் பிரஷ்ஷை எடுத்துக் கொடுக்க நீங்க தேவைப்பட மாட்டீங்க.

கழட்டின அன்னிக்கு கேக் வெட்டலாம், ஆனா...

ரெண்டு வருஷம் முடிஞ்சு கம்பியைக் கழட்டுறாங்க. வழவழன்னு பல். வீட்ல ஸ்வீட். நிறைய வீடுகள்ல சிகிச்சை தோத்துப்போறது அதுக்கு அடுத்த வருஷம்தான்! புது இடத்துல பல்லைச் சுத்தி எலும்பும் நாரும் கெட்டியாக நாளாகும். அதுவரைக்கும் பழைய இடத்துக்குத் திரும்பத்தான் பல் பார்க்கும். அதைப் பிடிச்சு வைக்கத்தான் ரிட்டெய்னர். ஆரம்பத்துல சில மாசம் முழு நேரமும், அப்புறம் ராத்திரி மட்டும், டாக்டர் சொல்ற வரைக்கும். வருஷக்கணக்குல ராத்திரி போடணும்னு சொன்னா ஆச்சரியப்படாதீங்க. சிலருக்குப் பல்லோட உள்பக்கம் மெல்லிசா ஒரு கம்பியை நிரந்தரமா ஒட்டிவிடுவாங்க. அதையும் அப்பப்போ காட்டிக்கணும்.

ரிட்டெய்னருக்கு எதிரி ரெண்டு. ஒண்ணு வெந்நீர், வளைஞ்சுடும். இன்னொண்ணு டிஷ்யூ பேப்பர்; கேன்டீன்ல சுத்தி வெச்சுட்டு, குப்பையோட சேர்த்துத் தூக்கிப் போட்டுடுவாங்க. கழட்டினா டப்பா, இல்லேன்னா வாய். மூணாவது இடம் கிடையாது.

எட்டிப் பார்க்கிற பார்ட்டிங்களுக்கு...

ஓகே மக்களே, இப்போ உங்க டர்ன். ரெண்டு விஷயம்தான்.

முன்பல் சந்தை மூட ரப்பர் பேண்டை நீங்களே மாட்டிக்கிற வீடியோவெல்லாம் சுத்துது. தொடவே தொடாதீங்க. ரப்பர் பேண்ட் வழுக்கி ஈறுக்குள்ள ஏறி, வேரைச் சுத்தி இறுக்கி, நல்ல பல்லே விழுந்த கேஸ் நிஜமாவே உண்டு.

அடுத்தது, கிளாஸ்ல புதுசா க்ளிப் போட்டுக்கிட்டு வர்ற ஜூனியரைப் பார்த்து ‘என்னடா, வாயில கிரில் கேட்டா?’ன்னு ஓட்டுறதுக்கு முன்னாடி ஒரு செகண்ட். அவனுக்கு இன்னிக்கு இட்லிகூட மெல்ல முடியலை. ‘வலிக்குதா? கேன்டீன்ல தயிர் சாதம் இருக்கு, வா’ன்னு கூட்டிட்டுப் போங்க. ரெண்டு வருஷம் அவன் அந்தக் கம்பியைத் தாங்குறதுக்கு அப்பா, அம்மாவோட காசு மட்டும் போதாது. உங்க தயவும் வேணும்.

அடுத்த வாரம் வழக்கம்போல உங்க மேட்டர்தான். புத்தகத்தை அப்பாகிட்ட இருந்து திருப்பி வாங்கி வெச்சுக்கங்க. வர்ட்டா?